நான் போட்ட சைபர்

அக்கா,

நீங்கள் கொடுத்த உளுந்தில் வண்டு விழுந்துவிட்டது. மாவாட்டலாம் என்று காலையில் பாட்டிலைத் திறந்தேன். உளுந்தைவிடப் பொடிதான் அதிகம். கொட்ட மனம் வரவில்லை. இங்கே ஹேடோ கடையில் தீவுக்குக் கப்பலில் வந்த வெள்ளை உளுந்து கிடைக்கும். உங்களுடையது இனிமேல் கிடைக்காது.

மாயாபந்தரில் உங்கள் நிலத்துக்கு நான் முதலில் வந்தது பயறு சர்வேக்கு. சிறு விவசாயி எவ்வளவு விதை, உரம், தண்ணீர், ஆள் போட்டு எவ்வளவு உளுந்து எடுக்கிறார் என்று எழுத வேண்டும். நெல் அறுத்த ஈரத்திலேயே விதைத்திருந்தீர்கள். உரம் இல்லை, மோட்டார் இல்லை. ஆள் கூலி கேட்டபோது உங்கள் வீட்டுக்காரர் சிரித்தார். "லேபர் கோயி நஹி மேடம், கூலி ஆளே கிடையாது. வீட்டு ஆளுதான்." கூலிக் கட்டத்தில் நான் சைபர் போட்டேன்.

அப்போதுதான் ஓடையிலிருந்து இரண்டு கையிலும் தண்ணீர் டப்பாவோடு ஏறி வந்தீர்கள். பூ உதிராமலிருக்கத் தினமும் அப்படித்தான் ஏறினீர்கள். டப்பாவை இறக்கிவிட்டு என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தீர்கள். "என்னைய எதுல எழுதியிருக்க?"

"உங்களுக்குத்தான் கூலி கிடையாதேக்கா," என்றேன். பெரிய வேடிக்கை என்று நினைப்பு எனக்கு. நீங்களும் சிரித்தீர்கள். போகும்போது போன வருஷத்து உளுந்தில் ஒரு படி துணியில் முடிந்து கொடுத்தீர்கள். வெட்கமில்லாமல் வாங்கி, பாராடாங் படகுத்துறை தாண்டி வீடு வரை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

அறுவடைக் கணக்கு பார்த்தால், செலவே இல்லாமல் விளைச்சல். பட்டியலில் உங்கள் நிலம் முதலிடம். ஆபீஸ் விழாவில் உங்கள் வீட்டுக்காரருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நீங்கள் கடைசி வரிசையிலிருந்து கை தட்டினீர்கள். நீங்கள் மனுப் போட்டிருந்த மோட்டார் மட்டும் வரவில்லை. அது இல்லாமலே முதலிடம் வருகிறவருக்கு எதற்கு என்று விட்டுவிட்டார்கள். அதை உங்களிடம் வந்து சொன்னதும் நான்தான். "பரவால்ல விடு. கை கால் இருக்குல்ல," என்றீர்கள்.

அடுத்த பூச் சமயத்தில் ஓடைக்கரையில் டப்பாவோடு வழுக்கி விழுந்தீர்கள். கல்லில் தலை மோதியது. துக்கத்துக்கு வந்தவர்கள் விதி என்றார்கள். அந்த விதியை எழுதிய பேனா என் பையில்தான் இருந்தது.

போன வாரம் மறுபடி சர்வே. இப்போது டப்பா தூக்குவது உங்கள் மருமகள். உங்கள் வீட்டுக்காரர் அதே பதிலைச் சொன்னார். அவரை விட்டுவிட்டு அவளிடம் கேட்டேன். விரல் விட்டு எண்ணினாள். "ஒரு நாளைக்கு நாப்பது டப்பா ஆகும் மேடம்." கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான், தெரியும். எழுதினேன். அவளுக்கும் கூலி போட்டுப் பார்த்ததில் உங்கள் நிலம் கடைசிக்குப் போய்விட்டது.

"போன தடவை நம்பர் ஒன். என்ன ஆச்சு அந்த நிலத்துக்கு?" என்று நேற்று ஆபீசர் கேட்டார்.

"நிலத்துக்கு ஒண்ணும் ஆகல சார். தண்ணி தூக்குற பொம்பளைய இப்பத்தான் எழுதியிருக்கேன்."

திருத்திக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். திருத்த மாட்டேன். மோட்டார் வருமோ வராதோ, வந்தாலும் உங்களுக்கு இல்லை. அன்றைக்கு நீங்கள் கேட்டதற்கு இன்றைக்காவது நேராகச் சொல்கிறேன். உங்களை நான் எதிலும் எழுதவில்லை, அக்கா.