ரேடியேட்டருக்குள் மணல்

என் அன்புக்கும் சந்தேகத்துக்கும் ஒருங்கே உரியவரே,

இன்று நம் வேனின் ரேடியேட்டர் தண்ணீரை வடித்துவிட்டு, எஞ்சின் சூட்டைத் தணிக்கும் கூலண்ட் ஊற்றினேன். வீட்டு முற்றத்தில், என் கையாலேயே. சிரிக்க வேண்டாம். கல்யாணம் முடித்த நாளிலிருந்து நீங்கள் வேனுக்கு அடியில் படுத்திருக்க, பக்கத்தில் குந்தி ஸ்பனர் எடுத்துத் தந்தவளுக்கு இதுகூடத் தெரியாதா?

உங்களுக்குப் பிறகு வேனை ஓட்ட ஆள் வைக்கச் சொன்னார்கள். ஆள் வைத்தால் டீசலை உறிஞ்சுவான், நல்ல டயரைக் கழற்றி விற்பான் என்று நானே லைசன்ஸ் எடுத்துவிட்டேன். பெரியகல்லாற்றுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்குவது இப்போது நான்தான். ஊரில் 'வேன் அக்கா' என்றால் எல்லோருக்கும் தெரியும்.

யுத்தம் முடிந்துவிட்டது. அதை முதலில் சொல்லியிருக்க வேண்டும். சந்தியில் ஆமிக்காரர் வண்டிகளை மறித்த இடத்தில் மண்மூட்டைகளை எடுத்துவிட்டார்கள். கூலண்ட் கானோடு அந்த இடத்தைக் கடந்தபோது என் கால் தானாகவே பிரேக்குக்குப் போனது. அந்தக் காலத்தில் கூலண்டின் பச்சை நிறத்தைக் கண்டால் மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பார்கள், வேனில் இருக்கும் சனத்தையெல்லாம் இறக்கி வெயிலில் நிறுத்துவார்கள். அந்தத் தொல்லைக்குப் பயந்துதானே கடைசி வரையில் வெறும் தண்ணீரிலேயே வேனை ஓட்டினீர்கள்? இன்று ஒருவரும் மறிக்கவில்லை. ஒருவரும் மறிக்காததும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

கொஞ்ச நாளாக வெப்ப முள் மேலே ஏறிக்கொண்டிருந்தது. கராஜுக்குக் கொண்டுபோனால் 'எஞ்சின் ஹெட் போயிற்று' என்று கை விரிப்பார்கள். நல்ல சாமானைக் கழற்றிக்கொண்டு பழசைப் பூட்டி அனுப்புவார்கள். சுனாமிக்குப் பிறகு வேனைத் திருத்தித் தந்த மருதமுனை மெக்கானிக், அண்ணன் முறைக்கு நான் 'காக்கா' என்று கூப்பிடுபவர், அவரிலேயே எனக்கு அரை நம்பிக்கைதான். அதனால்தான் என் கண்ணுக்கு முன்னால், என் முற்றத்தில் வேலையைத் தொடங்கினேன்.

நீங்கள் செய்வதுபோல எஞ்சின் நன்றாக ஆறும் வரைக்கும் காத்திருந்தேன். பிறகு மூடியைத் திறந்து, ரேடியேட்டருக்கு அடியில் இருக்கும் திருகைத் தளர்த்திப் பழைய தாச்சிச் சட்டியில் வடித்தேன். தேத்தண்ணிச் சாயம் மாதிரித் துருத் தண்ணீர் வந்தது. நல்ல தண்ணீர் ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, ஆறவிட்டு, திரும்பவும் வடித்தேன். தண்ணீர் தெளிகிற வரைக்கும் இதே வேலைதான். கோழி வாய் வைக்காமல் தாச்சியை மூடியும் வைத்தேன். கடைசியில் எஞ்சினின் அடிப்பக்கத்து போல்ட்டைக் கழற்றினால், தண்ணீரோடு சேர்ந்து மணல் வந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தேன். கடற்கரை மணல்.

இனி நமக்குள் கிடக்கிற கதைக்கு வருகிறேன்.

கடல் அடித்த அன்று காலையில் 'மட்டக்களப்புக்கு ஹயர் ஓட்டம்' என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். மெயின் றோட்டில் வடக்கே போக வேண்டிய வேன், கடற்கரைக்குப் போகும் ஒழுங்கைச் சந்துக்குள் தென்னையோடு மோதிக் கிடந்தது. உங்களை அதற்கப்பால் இருந்து எடுத்தார்கள். அந்த ஒழுங்கையில் தையல்காரி சரோவின் வீடு. என் சட்டைகளைத் தைத்ததும் அவள்தான். செத்த வீட்டில் வைத்தே, என் காதில் விழட்டும் என்று ஒருத்தி கேட்டாள்: "ஹயருக்குப் போன மனிசன் அந்த ஒழுங்கைக்குள்ள எதுக்குப் போனவர்?"

நான் கேளாதவள் மாதிரி விளக்குத் திரியைத் தூண்டினேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. வாவிப் பக்கத்துக் கிணறுகளில் உவர்த் தண்ணீர், அதை ஊற்றினால் ரேடியேட்டரைத் தின்றுவிடும், கடற்கரைப் பக்கத்து மணல் கிணற்றில்தான் நல்ல தண்ணீர் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் நீங்கள்தான் எப்போதும் ஒரு கான் நல்ல தண்ணீர் வேனில் வைத்திருப்பீர்களே. அதனால் தண்ணீருக்குத்தான் அங்கே போனீர்கள் என்ற சமாதானமும் எனக்கு வாய்க்கவில்லை. ஒவ்வொரு திவசத்துக்கும் உங்களுக்குப் படைத்தேன். மனமார ஒரு முறையும் படைக்கவில்லை. செத்தவர் மேலே கோபப்பட்டுக்கொண்டு சோறு வைப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று உங்களுக்குத் தெரியுமா?

மணலைக் கண்டதும் காக்காவுக்கு அழைப்பு எடுத்தேன். அன்று என்ன களவு செய்தார் என்று பிடித்துவிடத்தான் எடுத்தேன்.

"காக்கா, ரேடியேட்டருக்குள்ள கடல் மணல் எப்பிடிப் போகும்?"

"கடல் அடிச்ச வேன்தானே தங்கச்சி. எங்கிட்ட வரக்குள்ள ரேடியேட்டர்ல மூடி இருக்கல்ல. நான்தான் புதுசு போட்டன்."

"கடல் அடிச்சு மூடி தானாக் கழலுமா?"

"கழலாது. அமத்தித் திருப்பினாத்தான் வரும். யாரோ கையால கழட்டித்தான் இருக்கணும்."

"இத ஏன் அப்பவே சொல்லல்ல?"

"ஊரே இல்லாமப் போன நேரம் தங்கச்சி. மூடி ஒரு விசயமா?"

எனக்கு அது விசயம்தான். கையைக் கழுவிக்கொண்டு, சுனாமி வீட்டுத் திட்டத்தில் இருக்கிற சரோவைத் தேடிப் போனேன். இத்தனை வருசத்தில் முதல் முறை. அவள் தையல் மெஷினை விட்டு எழும்பி நின்றாள். நான் முதலில் சுவரைத்தான் பார்த்தேன், உங்கள் படம் ஏதும் தொங்குகிறதா என்று. அவளுடைய அம்மாவின் படம் மட்டும் மாலையோடு இருந்தது.

"அண்டைக்கு அவர் உன்ட வீட்டுக்கு எதுக்கு வந்தவர்?" என்று நேராகவே கேட்டேன்.

"தண்ணிக்கு அக்கா. வேன் றோட்டில கொதிச்சிட்டுதாம், மெல்ல உருட்டி வாசலுக்குக் கொண்டந்தார். கான் வெறுங்கானாம். கிணத்தில அள்ளி வாளியோட குடுத்தன்."

"வாங்கி ஊத்திட்டுப் போயிருக்கலாமே?"

"சூடு ஆறணும் எண்டார். இப்ப மூடியத் திறந்தா முகத்தில அடிக்கும், பச்சத் தண்ணி பட்டா எஞ்சின் வெடிச்சிரும் எண்டு வேம்புக்குக் கீழ குந்திட்டார். தேத்தண்ணி குடுத்தன்."

"சீனி போட்டா?" என் வாயில் அதுதான் வந்தது.

"சீனி முடிஞ்சிருந்திச்சு அக்கா. சும்மாதான் குடிச்சார்."

என் வீட்டில் சீனி ஒரு கரண்டி குறைந்தால் கோப்பையைத் தள்ளி வைக்கிற மனிதர். இருக்கட்டும்.

சரோ தலையைக் குனிந்துகொண்டு மிச்சத்தைச் சொன்னாள். "பிறகு ஒரு இரைச்சல். சனம் கத்திட்டு ஓடி வந்திச்சு. வேன விட்டுட்டு ஓடுங்க எண்டன். அம்மாவால நடக்க ஏலாதெண்டு அவருக்குத் தெரியும். 'அம்மாவத் தூக்கிட்டு வா, வேனில போடுவம், இந்தத் தண்ணிய ஊத்தினாச் சரி' எண்டு ஈரச் சாக்கால மூடியப் பிடிச்சுத் திருகினார். நான் அம்மாவத் தூக்க உள்ளுக்குப் போனன், அதுக்குள்ள கடல் வந்திட்டு. அவ்வளவுதான் அக்கா. அம்மாவையும் நான் தூக்கல்ல."

"ஏன் என்னட்ட வந்து சொல்லல்ல?"

"உன்ட அம்மாவாலதான் என்ட மனிசன் போனார் எண்டு சொல்லிருவீங்க எண்டு பயம். நீங்களும் என்னக் கண்டா ஒழுங்கை மாறிப் போயிருவீங்க."

என் புத்தி உங்களுக்குத் தெரியும். அவள் அழும்போதும் நான் கணக்குத்தான் பார்த்தேன். இத்தனை வருசத்தில் யாருக்கும் ஒரு கதை கட்ட நேரம் இருந்திருக்கும். ஆனால் மூடியைப் பற்றி நான் அவளிடம் வாயே திறக்கவில்லை. காக்காவுக்கும் அவளுக்கும் பழக்கம் இல்லை. அவளாகவேதான் மூடியைச் சொன்னாள். அதற்குப் பிறகு சந்தேகிக்க எனக்கு இடம் இல்லாமல் போயிற்று. அவளுடைய மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். உங்களுக்காக முதல் தடவையாக, கோபம் கலக்காமல்.

வீட்டுக்கு வந்து போல்ட்டைப் பூட்டி, கூலண்டைக் கலந்து ஊற்றி, ஹோஸை அமத்திக் காற்றை எடுத்தேன். வாவிப் பாலம் வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். முள் நடுவிலேயே நின்றது.

இப்போது என்னிடம் வேறு ஒரு கேள்வி இருக்கிறது. அந்த ஒழுங்கையிலிருந்து வாவிக் கரைக்கு ஓடித் தப்ப எவ்வளவு தூரம்? நீங்கள் ஓடக்கூடியவர். நடக்க ஏலாத ஒரு கிழவியை விட்டுவிட்டு ஓடி வந்திருந்தால், உங்களோடு நான் எந்த முகத்தோடு வாழ்ந்திருப்பேன் என்றும் யோசிக்கிறேன். ஆனாலும் நீங்கள் வந்திருக்கலாம்.

வருகிற திவசத்துக்குச் சரோவையும் வரச் சொல்லியிருக்கிறேன். அவளுடைய அம்மாவுக்கும் ஓர் இலை போடுவேன். உங்கள் இலையில் இந்த முறை மனமார வைப்பேன். இது சத்தியம். வந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
இத்தனை வருசம் உங்களோடு கோபித்திருந்த
உங்கள் மனைவி, பாக்கியம்