முயலுக்குச் சோறு ஊட்டிய சேதி

அன்பு மகள் வெனிங்குக்கு, ஜாவாவில் நம் கிளாத்தெனிலிருந்து அப்பா எழுதுவது. ஆண்டவன் கருணையால் நானும் உன் அம்மாவும் கூண்டிலிருக்கும் என் புறாவும் சுகம். நீயும் மாப்பிள்ளை யோஸ்டும் குட்டி லோட்டேயும் அந்த ஹாலந்துக் குளிரில் விறைத்துப் போகாமல் சுகமாக இருக்க ஐந்து வேளைத் தொழுகையிலும் கேட்டுக்கொள்கிறோம். தினம் போனில் முகம் பார்க்கிறோமே, எதற்குக் கடிதம் என்று நீ புருவத்தைத் தூக்குவது இங்கிருந்தே தெரிகிறது. இது போனில் சொல்லக்கூடாத சங்கதி. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். இப்போதே கடைசிப் பக்கத்தைப் புரட்டாதே, சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தப் புத்தி.

நோன்புப் பெருநாளுக்கு நீங்கள் வந்துபோனதைப் பற்றித்தான் தெருவில் இன்னும் பேச்சு. எதிர்வீட்டு துமினா என்னைப் பார்த்தாலே சிரிக்கிறாள், "உங்க மக அந்தப் புள்ளகிட்ட எந்தச் செருப்பு போட்டுக்கிறேன்னு கேட்டுட்டு நிக்கிறாளே, அது புள்ளயா கம்பெனி முதலாளியா" என்று. மூன்று வயதில் உன்னிடம் எந்தச் சட்டை வேண்டும் என்று நாங்கள் கேட்டிருந்தால் இன்றைக்கும் நீ சட்டையில்லாமல்தான் நின்றிருப்பாய். மாப்பிள்ளையோ, உன் அம்மா குட்டியைத் தோளில் முடிச்சுப் போட்ட துணித் தூளியில் இடுப்போடு வைத்துக்கொண்டு தெருத்தெருவாகச் சோறு ஊட்டப் போனதைப் பார்த்து, அவளுக்குத்தான் கால் இருக்கிறதே என்று கையைக் காட்டிக் காட்டிப் பேசினார். உன் அம்மா புரியாதவள் மாதிரி தலையாட்டிவிட்டு முடிச்சை இன்னும் இறுக்கினாள். நீங்கள் வீட்டில் நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணுக்கு நேராகக் குனிந்து, பாட்டிக்கு நன்றி சொல்லு, தாத்தாவுக்கு வணக்கம் சொல்லு என்று அவளைப் பரீட்சை எழுதவைத்தீர்கள். அவளும் வாயைத் திறக்காமல் ஃபெயிலாகிக் கொண்டிருந்தாள். உன்னை மட்டும் சொல்வானேன், நானும் அதே கூட்டம்தான். தாத்தா என்று சொன்னால் அப்பளம் என்று பேரம் பேசிப் பார்த்தேன், மொத்த டப்பாவும் தீர்ந்தது, ஒரு சொல் விழவில்லை. உன் அம்மா கேட்டாளே ஒரு கேள்வி, "புறா கூவுறதுக்கு விடியக்காலத்துலேருந்து வாய மூடிக்கிட்டு உக்காந்திருப்பீங்க, புள்ளைக்கு மட்டும் ரெண்டு நிமிசம் பொறுக்க மாட்டீங்களா" என்று. துமினாவும் அதையேதான் சொன்னாள், "அவ இன்னும் ஜாவாக்காரி ஆவல, ஆவா விடுங்க" என்று. விவரம் தெரியாத குட்டிகளை நம்மூரில் அப்படித்தானே சொல்வோம்.

அப்புறம்தான் போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அந்த வார்த்தையைச் சொன்னாய். "நம்ம பேச்சு அவளுக்கு ஒட்டவே இல்லப்பா, செவுத்தோட பேசுற மாதிரி இருக்கு, ஸ்கூல் வேற ஆரம்பிக்குது, இனிமே வீட்ல டச்சு மட்டும்தான்" என்றாய். சரிம்மா, உன் இஷ்டம் என்று நான் சொன்னேன். இனி என் பேத்தியோடு பேச எனக்கு நடுவில் ஒரு ஆள் வேண்டுமா? உன் அம்மா ஏதோ பாத்திரம் தேடுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த நேரம் உன் வாசல் மணி அடித்தது, ஏதோ பார்சல் என்று நீ கீழே ஓடினாய். சாய்த்து வைத்திருந்த போன் சரிந்து எங்களுக்கு உன் வீட்டு மோட்டுவளையும் ஓரத்தில் ஒரு துணி முயலின் காதும்தான் தெரிந்தன. வைத்துவிடலாம் என்று கையை நீட்டினேன், அப்போது ஒரு குரல் கேட்டது. லோட்டே. தன் துணி முயலோடு பேசிக்கொண்டிருந்தாள். டச்சு இல்லை வெனிங், நம் பேச்சு. "வாயத் தொறடி ராசாத்தி, அந்தா பாரு கோழி" என்கிறாள். உன் அம்மாவின் அதே இழுவை, அதே அதட்டல். அதோடு விட்டாளா, "அந்தக் கெழவன் புறாவையே பாத்துக்கிட்டு நிக்கிறாரு, சோறு ஆறுது" என்கிறாள். என் பேத்தி வாயிலிருந்து நான் கேட்ட முதல் ஜாவாப் பேச்சு, என்னைப் பற்றிய புகார். அடி குட்டி என்று நான் கத்தப் போனேன், உன் அம்மா என் வாயைப் பொத்திவிட்டாள். இருவரும் மூச்சுவிடாமல் கேட்டோம். முயல் சாப்பிடவில்லை போலிருக்கிறது. "பேசலேன்னா பரவால்ல கண்ணு, கேட்டுக்கிட்டுத்தானே இருக்கே" என்று அதைத் தேற்றினாள். தெருவில் சோறு ஊட்டும்போது உன் அம்மா அவளிடம் தினமும் சொன்ன சொல் அது. உன் அம்மா அழுதாள், நான் சிரித்தேன், பிறகு நானும் அழுதேன். நீ படியேறி வரும் சத்தம் கேட்டதும் குட்டி கப்பென்று நிறுத்திவிட்டாள்.

அதனால் வெனிங், நிறுத்தாதே அம்மா. பாத்திரம் கழுவும்போது பேசு, சாக்ஸ் தேடும்போது முணுமுணு, யோஸ்டைத் திட்டுவதையும் நம் பேச்சிலேயே திட்டு, அதைத்தான் சீக்கிரம் பிடித்துக்கொள்வாள். எங்கே சொல்லு பார்க்கலாம் என்று மட்டும் கேட்காதே. நாங்கள் கேட்டது அவளுக்குத் தெரியவே வேண்டாம். மூவரும் நோய்நொடியில்லாமல், சிரித்த முகமாக நீடூழி இருங்கள். அப்பளம் தனிப் பொட்டலமாக அனுப்பியிருக்கிறேன், உன் மாமியாருக்கும் கொடு.

இந்தக் கடிதத்தை மட்டும் வாய்விட்டுப் படிக்காதே. பக்கத்தில் குட்டி இருப்பாள், எல்லாம் புரிந்துவிடும்.

புறாவைப் பார்த்துக்கொண்டு நிற்கும் கிழவன்,
உன் அப்பா தர்முஜி