போய் வருகிறவர்கள் கணக்கு

விருந்தினர் விடுதி, தலைநகரம்
12 ஜனவரி 2025

அன்புள்ள ஷ்யாமளாவுக்கு,

போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, இனிமேல் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டாய். சரி, எழுதுகிறேன். இதில் எனக்கும் ஒரு சௌகரியம் உண்டு. முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது.

விமானத்திலிருந்து பார்த்தால் புல், அதைத் தாண்டினால் மறுபடி புல். நிலம் டெக்சாஸைவிடப் பெரிது, ஜனம் டாலஸ் அளவுகூட இல்லை. வடக்கே செம்புச் சுரங்கம், தெற்கே தலைநகரம், நடுவில் ஒரே சாலை. இங்கே ரயில் பாதை போடலாமா, கூடாதா என்று ஜூனுக்குள் நான் அறிக்கை தரவேண்டும். போடலாம் என்றால், கட்டி முடிக்கும் ஆறு வருஷமும் என்னையே இருக்கச் சொல்வார்கள் என்று அமைச்சர் கோடி காட்டினார். இருபது வருஷமாக அடுத்தவன் போட்ட தண்டவாளத்தில் ஓடும் சரக்கு வேகன்களுக்கு நேரம் குறித்துக்கொண்டிருந்தவன் நான். ஒரு பாதையாவது நானே போடவேண்டும் என்ற ஆசை உனக்குத் தெரியாததல்ல.

மானஸாவை அப்பாவுக்கு ஒரு வரியாவது எழுதச் சொல்.

என்றும் உன்,
முகுந்த்


ஆலன், டெக்சாஸ்
26 ஜனவரி 2025

அன்புள்ள முகுந்த்,

நானும் மானஸாவும் நலம். காற்றில் பின்பக்க வேலி விழுந்துவிட்டது, பக்கத்து வீட்டு சாய்ராம் நிமிர்த்திக் கொடுத்தார். கோயிலில் சேனாபதி அங்கிள் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "என்னம்மா, உங்காத்துக்காரர் ட்ரெயின் விட்டாச்சா?" என்கிறார். "இன்னும் டிக்கெட்டே அடிக்கல அங்கிள்" என்றேன்.

ரயில் காலியாகப் போனாலும் நிறைந்து போனாலும் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். பஸ்ஸில் ஆள் ஏறாவிட்டால் அடுத்த வாரமே நிறுத்திவிடலாம், தண்டவாளத்தைச் சுருட்டிப் பரணில் போட முடியாது. இத்தனை ஜனம் இருக்கிற நம் ஆலனுக்கே ரயில் வரவில்லை, பக்கத்து ஊர் பிளேனோவோடு நின்றுவிடுகிறது. உங்கள் நாட்டுக்கு நல்ல சாலையும் ஒழுங்கான பஸ்ஸும் போதும்.

இது டோல் ரோட்டில் எத்தனை வண்டி ஓடும் என்று கணித்துப் பிழைக்கிறவள் சொல்வது. மனைவியாகச் சொல்வது வேறு. ஜூன்வரை காத்திருப்பேன். ஆறு வருஷம் காத்திருக்க மாட்டேன். கலிஃபோர்னியாவில் லிவர்மோர் ஆபீஸுக்கு வா என்று மறுபடி கேட்கிறார்கள். நீங்கள் திரும்பி வந்து வாழ்வதற்கு இந்த வீடு வேண்டுமே என்று மறுத்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள்,
ஷ்யாமளா


விருந்தினர் விடுதி
2 மார்ச் 2025

அன்புள்ள ஷ்யாமளாவுக்கு,

ஜனம் இல்லாததால் ரயில் வேண்டாம் என்கிறாய். ரயில் இல்லாததால்தான் ஜனம் இல்லை என்கிறாள் என்னோடு வேலை செய்யும் இந்த ஊர்ப் பெண், நல்ல இன்ஜினியர். அவள் வடக்கே பிறந்தவள். பிரசவ வலி எடுத்தால் ஆஸ்பத்திரிக்குப் போய்ச்சேர ஒரு பகலும் ஓர் இரவும் ஆகுமாம். "நீங்க ஜனங்களை எண்ணிட்டு அப்புறம் பாதை போடுவீங்க. நாங்க பாதையைப் பார்த்துட்டுத்தான் அங்கேயே இருக்கலாமான்னு முடிவு பண்ணுவோம்" என்றாள். அவள் சொன்னதை நம் தமிழில் தருகிறேன்.

பஸ் நிலையங்களில் எடுத்த சர்வேயையும் சரக்குக் கோப்பையும் அனுப்பியிருக்கிறேன். பயணிகள் எண்ணிக்கை நான் பயந்ததைவிட நன்றாகவே இருக்கிறது. உன்னைவிட நல்ல கண் எனக்குத் தெரிந்து யாருக்கும் இல்லை. பார்த்துச் சொல்.

என்றும் உன்,
முகுந்த்


ஆலன்
23 மார்ச் 2025

அன்புள்ள முகுந்த்,

பார்த்தேன். தப்பு இருக்கிறது.

தலைநகருக்குப் போன ஒவ்வொருவரையும் நீங்கள் இரண்டால் பெருக்கியிருக்கிறீர்கள், போனதற்கு ஒன்று, வந்ததற்கு ஒன்று என்று. சர்வே எடுத்தவர்கள் போகிறவர்களை மட்டும்தான் எண்ணினார்கள். திரும்புகிறவர்களுக்கு வேறு தாள், அதைச் சேர்க்கவே இல்லை. நான் சேர்த்துப் பார்த்தேன். பஸ் நிறைந்து போகிறது, முக்கால்வாசி காலியாகத் திரும்புகிறது. போகிறவர்கள் அங்கேயே தங்கிவிடுகிறார்கள், முகுந்த்.

இதைப் பார்த்ததும் சிரிப்புதான் வந்தது. இந்தத் தப்பை நம்மவரால்தான் செய்ய முடியும். காய்கறி வாங்கக் கிளம்பினாலும் "போறேன்"னு சொல்லமாட்டோம், "போயிட்டு வரேன்"தான். போனவர் வந்தே தீருவார் என்று உங்கள் பேனாவே பெருக்கிவிட்டது.

இந்தக் கணக்கில் ஆட்களுக்கு ரயில் விட்டால், வடக்கு சீக்கிரம் காலியாவதற்குத்தான் உதவும். உங்களை வரவழைக்க நான் இப்படிச் சொல்வதாகத் தோன்றலாம். அதனால் எல்லாத் தாள்களிலும் குறிப்பெழுதி அனுப்பியிருக்கிறேன். நீங்களே சரிபாருங்கள்.

உங்கள்,
ஷ்யாமளா


விருந்தினர் விடுதி
6 ஏப்ரல் 2025

அன்புள்ள ஷ்யாமளாவுக்கு,

தோன்றத்தான் செய்தது. கோபமாக ஒரு கடிதம் எழுதிக் கிழித்தும் போட்டேன். பிறகு உட்கார்ந்து சரிபார்த்தேன். நீ சொன்னதுதான் சரி.

வேண்டாம் என்று எழுதப் போகிறேன். அந்தப் பெண்ணிடம் சொன்னபோது அவள் தேநீர் போட்டுக் கொடுத்தாள். வருத்தமாகத்தான் இருக்கிறது, மறைக்கவில்லை. ஜூன் கடைசியில் வந்துவிடுவேன். வேலிக்கு வண்ணம் அடிக்க ஓர் ஆள் கிடைத்துவிட்டான் என்று சாய்ராமிடம் சொல்.

என்றும் உன்,
முகுந்த்


ஆலன்
4 மே 2025

அன்புள்ள முகுந்த்,

நீங்கள் வருவதாக எழுதியதிலிருந்து வீடே மாறிவிட்டது. "Dad's room-ஐ நான் clean பண்றேன்" என்று மானஸா தமிழில் சொன்னாள். கோபமெல்லாம் ஆங்கிலத்தில்தான் வரும் அவளுக்கு, தெரியுமே. நானும் சந்தோஷமாக இருக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கித் தொடங்கி நிறுத்தினேன்.

சரக்குக் கணக்கிலும் தப்பு இருக்கிறது. செம்புக்கல் லாரிகளுக்கு பெர்மிட்டில் போட்ட எடையை அப்படியே எடுத்திருக்கிறீர்கள். அமெரிக்காவில் இருந்து இருந்து, லாரி என்றால் சட்டப்படிதான் ஏற்றும் என்று நம்பிவிட்டீர்கள். நம்ம ஊர் மணல் லாரி மறந்துபோச்சா? அந்தச் சாலையைச் செப்பனிட்ட விவரம் உங்கள் கோப்பிலேயே இருக்கிறது. பெர்மிட் எடைதான் ஓடுகிறது என்றால் சாலை அவ்வளவு சீக்கிரம் பெயராது. ஏறக்குறைய இரண்டு பங்கு போகிறது என்று நினைக்கிறேன். லாரிகளை எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள். நான் சொல்வது சரியென்றால், சரக்குக்காக மட்டும் உங்கள் ரயில் தேறும், சாலையும் பிழைக்கும்.

அனுப்பாமல் இருக்கலாம் என்று தோன்றியது. இதை மறைத்து வரவழைத்த மனுஷரோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது? அனுப்பிவிட்டேன். நான் ஜனவரியில் சொன்னதில் மாற்றமில்லை. வந்துவிடுங்கள் என்றுதான் ஆசை.

உங்கள்,
ஷ்யாமளா


விருந்தினர் விடுதி
22 ஜூன் 2025

என் அன்பு ஷ்யாமளாவுக்கு,

எடை மேடையில் ஏற்றினோம். நீ சொன்னதற்கும் மேலே. அறிக்கையைத் திருத்திக் கொடுத்தேன், அமைச்சரவை ஒப்புக்கொண்டுவிட்டது. சுரங்கத்திலிருந்து தலைநகர் வழியாகத் தெற்கு எல்லைவரை சரக்குப் பாதை. ஆட்களுக்கு இப்போதைக்கு பஸ்தான், ஆனாலும் ரயில் ரயில்தானே! உன்னால் வந்தது இது. எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பொறுப்பை ஏற்பீர்களா என்று அமைச்சர் கேட்டார். கேட்ட இடத்திலேயே சரி என்றுவிட்டேன். ஆறு வருஷம் என்பது கேட்கத்தான் பெரிது. வருஷத்துக்கு இரண்டு தடவை வருவேன். நீயும் மானஸாவும் குளிர்கால விடுமுறைக்கு இங்கே வாருங்கள், குதிரை ஏறலாம். உனக்குப் புரியும் என்று தெரியும். புரியாவிட்டால் அந்தக் கணக்கை அனுப்பியிருப்பாயா?

என்றும் உன்,
முகுந்த்


ஆலன்
6 ஜூலை 2025

அன்புள்ள முகுந்த்,

மனதார வாழ்த்துகிறேன். நல்ல முடிவு, அந்த நாட்டுக்கு.

நான் வரவில்லை. ஆறு வருஷம் காத்திருக்க மாட்டேன் என்று எழுதியதை நீங்கள் பேரமாக எடுத்துக்கொண்டீர்கள் போலிருக்கிறது. பேரமில்லை, என்னால் முடிந்தது அவ்வளவுதான். லாரிக் கணக்கை அனுப்பியதற்கு வருத்தமில்லை, இன்றைக்கும் அனுப்புவேன். அதைப் படித்தபின் ஓர் இரவாவது என்னை நினைத்து யோசிப்பீர்கள் என்று இருந்தேன். கேட்ட இடத்திலேயே சரி என்றீர்களாமே. அதைத்தான் தாங்க முடியவில்லை, அழுதேன். இப்போது இல்லை.

லிவர்மோர் வேலைக்கு ஒப்புக்கொண்டுவிட்டேன். ஆகஸ்டில் மானஸா கல்லூரிக்குப் போகிறாள், அதே வாரம் நானும் கிளம்புகிறேன். வீட்டை விற்கக் கொடுத்திருக்கிறேன். உங்கள் துணிகளும் புத்தகங்களும் சாய்ராம் வீட்டு கராஜில் இருக்கும். மானஸா உங்கள்மேல் கோபமாக இருக்கிறாள், ஆனால் உங்கள் மகள்தான். அவளுக்கு எழுதுவதை நிறுத்தாதீர்கள், ஆங்கிலத்திலேயே எழுதுங்கள். எனக்கு இனி எழுத வேண்டாம்.

நீங்கள் அனுப்பியிருந்த பாதை வரைபடத்தைப் பார்த்தேன். மாட்டு மந்தைகள் கடக்கிற இடங்களில் பாதைக்குக் கீழே வழி விடவில்லை. இப்போதே விடச் சொல்லுங்கள், மண் கொட்டியபின் தோண்டுவது கஷ்டம்.

ஷ்யாமளா