என் படத்துக்குப் போட்ட மாலை

அன்புள்ள அப்பாவுக்கு,

டிவியில் ஓட்டு வாங்குவதற்காக என்னைச் சாகடித்துவிட்டீர்கள். மற்றபடி நான் நலம். உங்கள் முட்டிவலி குறைந்ததா? அம்மா மாத்திரை சாப்பிடுகிறாளா?

வெள்ளிக்கிழமை கேம்ப்பில் எல்லோரும் பாட்டுப் போட்டி பார்த்தோம். தங்கச்சி பிரகதீஸ்வரி பாடுவதற்கு முன் நம் வீட்டைக் காட்டினார்கள். சுவரில் என் படம், அதற்கு மாலை, முன்னால் விளக்கு. கத்தார் போன அண்ணன் பிணமாகத் திரும்பினான் என்றார்கள். நடுவர்கள் அழுதார்கள். "செத்தவனுக்கு எதுக்குடா சோறு?" என்று என் அறையில் இருக்கும் முத்துப்பேட்டை கலந்தர் தட்டைப் பிடுங்கினான். நானும் சிரித்தேன்.

மறுநாள் அம்மா போனில் சொன்னாள்: "பாட்டு மட்டும் போதாதுன்னு டிவிக்காரங்க சொன்னாங்கப்பா. உங்கப்பா சரின்னுட்டாங்க. ஃபைனல் முடியிற வரைக்கும் வந்துடாதே. யாராவது பாத்துட்டா தங்கச்சியப் போட்டியிலேர்ந்து தூக்கிடுவாங்க." ஊரும் வாயை மூடிக்கொண்டிருக்கிறதாம். குறுவை கருகியபோது வராத கேமரா, நான் செத்ததும் வந்துவிட்டது.

அதன்பின் யாரும் போனை எடுப்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். தங்கச்சியை ஐஸ் தண்ணீர் குடிக்கவிடாதீர்கள். பீரோவில் உள்ள என் சட்டைகளை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். அடுத்த மாதம் எனக்கு லீவு.

கம்பெனி பஸ் வந்துவிட்டது. அந்த மாலையைக் கழற்றுங்கள் அப்பா. நான் எப்போது வீட்டுக்கு வரலாம் என்று சொல்லுங்கள்.

தமிழரசன்