அழுத்தாமல் எழுதும் பேனா

என் பிரியமான அக்காவுக்கு,

நீ இருக்கும் இடத்துக்கு இந்தக் கடிதம் வந்து சேருமா என்பதில் எனக்குச் சந்தேகம்தான். ஆனாலும் நேற்று நடந்ததை உன்னைத் தவிர யாரிடம் சொல்வேன்?

பவுண்டன் பேனா வாங்கிவிட்டேன், அக்கா. இத்தனை நாளும் தொட்டெழுதும் கட்டைப்பேனாதான்; ஐம்பதைத் தொடப்போகிற வயதில் மை நிரப்புகிற முதல் பேனா! "மோருல கால வச்ச எறும்பு நடந்த மாதிரி எழுதறே. கொஞ்சம் அழுத்தினா தாளுக்கு வலிக்குமா?" என்பாயே. எழுத்து கடுகளவு, கையிலும் அழுத்தமில்லை. போதாததற்கு, ஒரு மைவில்லையை இரண்டு புட்டித் தண்ணீரில் கரைக்கிற என் சிக்கனம் வேறு.

அத்தான் தங்கவயலிலிருந்து வந்து நாலு நாள் ஆகிறது. நீ கண்ணை மூடியபின் அந்த வீட்டில் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. நாளை திரும்புகிறார். "வாரம் ஒரு கடுதாசி போடு எஸ்தரு. தெரியற மாதிரி போடு" என்றார். கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொன்னால் இன்றைக்கும் அவருக்குக் கோபம் வருகிறது. அதனால்தான் இருவருமாகத் தேவராஜ மொஹல்லாவில் ஒரு பேனாக்கடைக்குப் போனோம்.

கடைக்காரர் ஒரு தடித்த பேனாவை மைப்புட்டியில் முக்கி நீட்டினார். "நோடி அம்மாவ்ரே, பாருங்கம்மா, ராஜா மாதிரி எழுதும்."

"முக்கினால் எந்தப் பேனாவும் கறுப்பாகத்தான் எழுதும். மை நிரப்பிக் கொடுங்கள்" என்றேன்.

"வாத்தியாரம்மாவா?" என்று அத்தானைக் கேட்டார்.

"பார்த்தா தெரியலையா?" என்றார் அத்தான்.

அந்தப் பேனாவில் என் எழுத்தின் சுழிகளெல்லாம் அடைத்துக்கொண்டன. 'அண்ணன்' என்று எழுதினால் நாலு கட்டெறும்பு செத்துக்கிடப்பது போல இருந்தது. அடுத்தது ஊசிமுனை நிப்பு. தாளைக் கீறியதே தவிர மையை விடவில்லை. பழக்கதோஷத்தில் அதில் உனக்கு எழுதுகிற முதல் வரிகளையே எழுதினேன்: 'அன்புள்ள அக்கா, நான் நலம். இங்கே இரண்டு நாளாக மழை. பரீட்சைத் தாள்கள் வந்துவிட்டன.'

அத்தான் தாளை வாங்கி, வாசல் வெளிச்சத்தில் கைநீளத்துக்குப் பிடித்து, தடங்கல் இல்லாமல் படித்தார்: "அன்புள்ள அக்கா, உன் ஞாபகமாவே இருக்கு. உன் கையால ஒரு வாய் சாப்பிடணும்னு இருக்கு..."

"அத்தான், நான் அப்படி எழுதவில்லையே."

அவர் தாளை இறக்கினார். கடைக்காரர் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உன் எழுத்துல முதல் வரிக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. அவளுக்கோ கண்ணுல புரை. படிங்க, படிங்கன்னு உட்கார்ந்திருப்பா. அவ முகத்தைப் பார்த்துக்கிட்டே படிச்சுடுவேன்."

"எத்தனை நாளாக?"

"ரெண்டு வருஷமா."

அக்கா, உன் கார்டுகளை நினைத்துக்கொண்டேன். பெரிய பெரிய எழுத்தில், கோணல்மாணலாக, கார்டுக்கு நாலே வரி. 'நீ கேட்ட எலுமிச்சங்காய் ஊறுகாய் அனுப்பியிருக்கிறேன்.' நான் எப்போது கேட்டேன்? உன்னைக் கொண்டுபோன நோய் அப்போதே மூளைக்கு ஏறிவிட்டது என்று முடிவுகட்டினேன். உனக்குப் புரியாது என்று என் கடிதங்களையும் குறுக்கினேன். ஒரு தடவை நேரில் வந்தபோது நீ தெளிவாகத்தான் பேசினாய். அதைக்கூட ஏதோ நல்ல நாள் என்று தள்ளிவிட்டேன். படித்தவள் இல்லையா நான்?

உன் கடைசிக் கார்டு என் பைபிளுக்குள் இருக்கிறது. 'அதைப் போய் எழுதுவார்களா, பைத்தியக்காரி' என்று ஒரே வரி. எதை என்று எனக்கு விளங்கவே இல்லை. கடையிலேயே கேட்டேன்.

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். "அப்பா செத்தப்ப அவ படிப்பை விட்டுட்டு நர்ஸ் வேலைக்குப் போயி உன்னைக் காலேஜுக்கு அனுப்பினாளே. அதை மறக்கல அக்கான்னு நீ எழுதினதா படிச்சேன். உடனே ஒரு கார்டு எடுத்துத் தாங்கன்னு கேட்டா. நான் பண்ணது தப்பாம்மா?"

முப்பது வருஷமாக என் வாயில் வராத சொல்லை அவர் சொல்லியிருக்கிறார். நீ அதை நம்பியிருக்கிறாய். நான் எழுதியிருக்கக்கூடியது என்று நம்பியிருக்கிறாயே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கடைக்காரர் மூன்றாவது பேனாவை நிரப்பி வைத்திருந்தார். மெல்லிய உடம்பு, மெல்லிய நிப்பு, ஆனால் தாராளமாக மை விடுகிறது. தாளில் வைத்தால் போதும், அழுத்தவே வேண்டாம். அதே கடுகு எழுத்துத்தான். ஆனால் கறுகறுவென்று தனித்தனியாக நின்றது. ஒரு வரி எழுதி அத்தானிடம் நீட்டினேன். கண்ணைச் சுருக்கி, எழுத்தெழுத்தாகப் படித்தார்.

"நீ... படிப்பை... விட்டாய். நான்... படித்தேன். மறக்கவில்லை... அக்கா."

படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "இது நான் சொன்னதில்லம்மா. இதுலயே இருக்கு."

"இதையே கட்டிக்கொடுங்கள்" என்றேன் கடைக்காரரிடம்.

இப்போது அந்தப் பேனாவில்தான் எழுதுகிறேன். சனிக்கிழமைதோறும் அத்தானுக்கு ஒரு கடிதம் போகும், அக்கா. மழையும் பரீட்சையும் இருக்கும், என்னை மாற்ற முடியாது. ஆனால் அவர் தன் கையிலிருந்து சேர்த்துப் படிக்கும்படி இனி எதையும் விட்டுவைக்க மாட்டேன்.

உன் தங்கை,
நீ சொன்ன பைத்தியக்காரி,
எஸ்தர்