அக்காவின் கைநீட்டம்

என் பிரியமுள்ள கீழ்க்கட்டில் அத்தானுக்கு,

நான் ஊருக்கு வந்துவிட்டேன். லீவுக்கு இல்லை, மொத்தமாக. விசாவை ரத்து செய்து, கம்பெனியில் கணக்கு முடித்து வாங்கிக்கொண்டு, நம் அறைச் சாவியைப் புதிதாக வந்த ஒரு பையன் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். நீங்கள் இருந்திருந்தால் திருவனந்தபுரம் ஏர்போர்ட் வாசலில் வந்து நின்று, "பெட்டி எத்தனைலே?" என்றுதான் முதலில் கேட்டிருப்பீர்கள். ஒன்றே ஒன்றுதான் அத்தான். அதுவும் சின்னது.

வந்த நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. விடிவதற்கு முன்னால் எழுந்து வேலைக்குக் கிளம்புகிறவன் மாதிரி சட்டையை மாட்டிக்கொண்டு முற்றத்தில் நிற்கிறேன். பக்கத்து வீட்டு ஏசி கரகரவென்று ஓடுவதைக் கேட்டால், போய்க் கழற்றிச் சரி செய்துவிட்டு வரலாமா என்று கை துறுதுறுக்கிறது. வீட்டுக்காரி சரசு பார்த்துவிட்டு, "செத்த நேரம் இருங்களேன், யாரு உங்கள வெரட்டுகா?" என்று கேட்கிறாள். யார் விரட்டுகிறார்கள் என்று எனக்கே தெரியவில்லை. நீங்கள்தானோ என்றுகூட நினைத்தேன்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு அத்தான். செத்தவர் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். படாமல் இருக்க முடியவில்லை. என்னைக் கல்ஃபுக்குக் கூட்டிக்கொண்டு போய், ஏசி வேலை சொல்லிக் கொடுத்து, இரட்டைக் கட்டிலில் மேல்தட்டைக் கொடுத்துவிட்டுக் கீழே படுத்தவர் நீங்கள். ஆனால் ஒவ்வொரு லீவுக்கும் ஊருக்கு வந்தால், குளிக்கக்கூட மாட்டீர்கள். கயிற்றை அறுத்துப் பெட்டியைப் பிரித்து நடு முற்றத்தில் வைத்துவிடுவீர்கள். சோப்பு, சென்ட், தைலம், பிஸ்தா என்று தெருவே வாங்கிக்கொண்டு போகும். கடைசியில் கையில் கட்டியிருந்த வாட்ச்சையும் எவனாவது ஆசையாகப் பார்த்தான் என்று கழற்றிக் கொடுத்துவிடுவீர்கள். அக்கா ஓரமாக நின்று காலி அட்டைப்பெட்டியை மடித்துப் பரணில் வைப்பாள்.

மொத்தமாக வந்தபோதும் அதையேதான் செய்தீர்கள். கம்பெனி தந்த பணத்தில் மாடி கட்டினீர்கள், மகள் கல்யாணத்தை ஊர் மெச்ச நடத்தினீர்கள், மூத்தவனுக்குக் கடை வைத்துக் கொடுத்தீர்கள். எல்லாம் நல்ல காரியம்தான். அதற்குப் பிறகு ஒரு லீவில் வந்தபோது உங்களை இரணியல் ஜங்ஷன் டீக்கடையில் பார்த்தேன். பேப்பரை முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டு, தெரிந்த முகம் ஏதாவது வருமா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, "மக்கா, ரெண்டு டீ சொல்லு" என்றீர்கள். நான் சொன்னேன். தெருவுக்கே அள்ளிக் கொடுத்தவர் ஒரு டீக்கு ஆள் தேடி உட்கார்ந்திருந்ததை நான் கண்டுகொண்டேன். உங்களுக்குத் தெரிந்திருக்குமா?

அன்றே முடிவு செய்துவிட்டேன், என் கடைசிப் பெட்டியை முற்றத்தில் பிரிப்பதில்லை என்று. அதனால் ஊர் வந்து சேர்ந்ததும் தக்கலையில் ஒரு இன்ஷூரன்ஸ் ஏஜென்டைப் பிடித்தேன். ஆனுவிட்டி என்று ஒன்று இருக்கிறது அத்தான். மொத்தப் பணத்தையும் கம்பெனியிடம் கொடுத்துவிட வேண்டும். அவர்கள் நாம் உயிரோடிருக்கும்வரை மாதாமாதம் சம்பளம் மாதிரி தருவார்கள். கொடுத்த பணத்தை நினைத்தபோது திரும்ப எடுக்க முடியாது. சென்னையில் இருக்கும் மகன் சுரேஷ் ஃபிளாட் வாங்க அட்வான்ஸ் கேட்டுக்கொண்டிருந்தான். "பணம் போயாச்சு மக்கா, இனி நானே நெனச்சாலும் எடுக்க முடியாது" என்று சொன்னபோது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? நான் முகத்துக்கு நேராக "இல்லை" என்று சொல்லத் தெரியாதவன். எனக்காக ஒரு காகிதம் "இல்லை" என்று சொன்னது.

பிறகு சித்திரை விஷு வந்தது.

சரசு வெள்ளரிக்காயும் கொன்றைப்பூவும் கண்ணாடியும் வைத்து, கண் விழித்ததும் பார்க்கக் கனி ஒருக்கி வைத்திருந்தாள். சுரேஷ் மகளோடு வந்திருந்தான். கனி கண்டு முடித்து, மூத்தவர்கள் சின்னவர்கள் கையில் காசு வைக்கும் கைநீட்ட நேரத்தில், வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அக்கா இறங்கினாள். எனக்கு ஆச்சரியம். உங்கள் வீட்டில் இப்போது அவள்தானே மூத்தவள்? பேரப்பிள்ளைகள் அவள் முன்னால்தானே வரிசையாக நிற்க வேண்டும்? விஷு அன்று அவள் வீட்டைவிட்டு வெளியே போய் நான் பார்த்ததே இல்லை.

"அங்க ஒருத்தரும் எழும்பதுக்கு முன்னே வந்துட்டேன்லே" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆட்டோவுக்கு நீயே கொடுத்துவிடு என்று கண்ணைக் காட்டினாள்.

என் பேத்தி என்னிடமும் சரசுவிடமும் வாங்கிக்கொண்டு, நேராக அக்கா முன்னால் போய்க் கையை விரித்தது. அக்கா இடுப்பில் செருகியிருந்த துணிப்பர்ஸை எடுத்தாள், திறந்தாள், மூடினாள். "அத்தப்பாட்டி பைசாவ வீட்டுல மறந்து வச்சுட்டு வந்துட்டேன் மக்கா" என்று குழந்தையின் கன்னத்தைத் தடவினாள். நான் குழந்தைக்குத் தெரியாமல் ஒரு நோட்டை அவள் கையில் திணித்தேன். அவள் அதை என் சட்டைப் பையிலேயே திருப்பி வைத்தாள்.

"உனக்க பைசாவ எடுத்து உனக்க பேத்திக்கு நான் குடுத்தா, அது எனக்க கைநீட்டமாலே?"

உங்கள் மூத்தவனைக் குறை சொல்ல மாட்டேன். அவன் வீட்டில் அவளுக்குச் சோற்றுக்கும் மருந்துக்கும் குறை கிடையாது. கேட்டால் பணமும் கொடுப்பான். ஆனால் அவன் பிள்ளைகளுக்குக் கொடுக்க அவனிடமே கேட்க வேண்டும். அந்தக் காலையில் மட்டும் அவளால் அப்படிக் கேட்க முடியவில்லை, அதனால்தான் இங்கே ஓடிவந்துவிட்டாள். அந்தப் பேச்சை மாற்ற வாயைத் திறந்து பெருமை பேச ஆரம்பித்தேன். நான் புத்தியாகப் பணத்தைப் போட்டுவிட்டேன், சாகும்வரை மாதாமாதம் வரும், யாரிடமும் போய் நிற்க வேண்டாம் என்று அளந்தேன்.

அக்கா முழுவதும் கேட்டாள். பாயசம் விளம்பிக்கொண்டிருந்த சரசுவை ஒரு பார்வை பார்த்தாள். "நல்ல காரியம்லே. நீ போனா இவளுக்கு உண்டுமா?"

"பின்ன? உண்டு" என்றேன்.

இல்லை அத்தான். ஏஜென்ட் என் முன்னால் இரண்டு தொகை எழுதிக் காட்டியிருந்தார். "இதுல உங்களுக்குப் பொறவு உங்க வீட்டம்மாவுக்கும் ஆயுசு பூரா வரும் அண்ணாச்சி, மாசத்துக்குக் கொஞ்சம் குறையும்" என்று இரண்டாவதைச் சொன்னார். நான் பெரிய தொகையைத் தொட்டேன். நாம் அங்கே எப்போதும் அப்படித்தானே? எந்தக் கம்பெனி கான்ட்ராக்ட் வந்தாலும் சம்பளம் எழுதிய வரியை மட்டும் பார்ப்போம், எது பெரியதோ அதில் கையெழுத்துப் போடுவோம். மிச்சத்தை ஊரில் இருப்பவள் பார்த்துக்கொள்வாள். ஓய்வுக்காலத்தையும் அடுத்த கான்ட்ராக்ட் மாதிரி நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நான் கண்ணை மூடிய மாதத்தோடு அது நின்றுவிடும். சரசுவும் அடுத்த விஷுவில் துணிப்பர்ஸைத் திறந்து மூடுவாள்.

உங்களைப் பார்த்துப் பயந்து ஓடியவன், உங்கள் வாசலிலேயே வந்து நிற்கிறேன். நீங்களாவது அள்ளிக் கொடுத்துவிட்டு மறந்தீர்கள். நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டே மறந்தேன். இரண்டில் எது மோசம்?

நாகர்கோவில் ஆபீசுக்கு ஓடினேன். வேண்டாமென்று திருப்பிக் கொடுக்க இன்னும் சில நாள் அவகாசம் இருக்கிறது என்றாள் அங்கிருந்த பெண். மூச்சு வந்தது. அடுத்து அவள் சொன்னதில் மறுபடி போனது. பணம் முதலில் என் பேங்க் கணக்குக்குத்தான் திரும்ப வருமாம். அதன் பிறகு புதிதாக எழுத வேண்டுமாம். இப்போதைய தொகையே அப்போதும் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாதாம். அந்தக் கணக்கு நான் கல்ஃபில் இருந்தபோது சுரேஷின் போன் நம்பரைக் கொடுத்து ஆரம்பித்தது. பணம் வந்து விழுந்த நிமிடம் மெசேஜ் அவனுக்குப் போகும்.

சுரேஷ் கெட்டவன் இல்லை. ஆனால் அவன் "அப்பா" என்று ஒரு தரம் இழுத்துக் கூப்பிட்டால் நான் கரைந்துவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். பிரித்த பெட்டியை மறுபடி கட்ட எனக்கு வராது, உங்களுக்கும் வந்ததில்லை. திருப்பினால் எல்லாமே போய்விடுமோ என்று பயம். திருப்பாவிட்டால் சரசு. இதை நினைத்துக்கொண்டு தக்கலை பஸ் ஸ்டாண்டுக்கும் வீட்டுக்குமாக நடந்தே செருப்பு தேய்ந்தது. மீன்காரி விலை ஏற்றிச் சொன்னால் அவளிடம் போய், "எனக்கு வார பைசா ஏறாது, உனக்க மீனு மட்டும் ஏறுமா?" என்று சண்டை போட்டேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, பாவம்.

நேற்று சரசுவை வட்டக்கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வீட்டுக்குள் வைத்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. இத்தனை வருஷத்தில் அவள் அங்கே வந்ததே இல்லையாம். "யாரு கூட்டிட்டு வருவா?" என்றாள், சாதாரணமாக. கோட்டை மேலே கடல் பக்கமாக உட்கார்ந்தோம். டூரிஸ்ட் பிள்ளைகள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தன. காற்றில் அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பெரிய தொகையைத் தொட்டதையும் சொன்னேன், அக்காவிடம் பொய் சொன்னதையும் சொன்னேன்.

"விஷு அன்னிக்கு மைனி கேட்டப்பமே எனக்குத் தெரியும்" என்றாள். "நீங்க பொய் சொன்னா உண்டுன்னு வேகமாச் சொல்லுவிய."

"கோவமா சரசு?"

"கோவந்தான். நீங்க இல்லாம இருந்து எனக்குப் பழக்கம். ஆனா அப்பமெல்லாம் மாசம் பொறந்தா பைசா வரும்." தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். "குறையட்டு. குறைஞ்சத வச்சு நடத்த எனக்குத் தெரியும். இல்லாதத வச்சு நடத்தத்தான் தெரியாது."

அவள் என் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, அங்கேயே சுரேஷைக் கூப்பிட்டாள். "மக்கா, அப்பாக்க அக்கவுண்டுல பைசா வந்ததுன்னு உனக்கு மெசேஜ் வரும். அது எனக்குள்ளதாக்கும். அதச் சொல்லி அப்பாட்ட ஒண்ணும் கேக்கப்பிடாது, கேட்டியா?" எங்களுக்குப் பிறகு அந்தப் பணம் என்னவாகும் என்று அவன் கேட்டான். "எங்க ரெண்டு பேருக்கும் பொறவு போட்ட முதலு உனக்கு வாரமாதிரியும் ஒண்ணு உண்டுன்னு ஆபீசுல சொன்னாவளாம். ஆனா அதுல மாசம் இன்னும் குறையுமாம். கஞ்சிக்கு இடிக்காதுன்னா பாப்போம்" என்றாள். அவன் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டான். இன்னும் திருப்பிக் கூப்பிடவில்லை. அது எனக்கு வலிக்கத்தான் செய்கிறது அத்தான். நான் செய்வது சரிதானா? உங்கள் பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் கொடுத்தபோது உங்களுக்கு ராத்தூக்கம் நன்றாக வந்ததா?

இறங்கி வரும்போது படியில் நின்று சரசு இன்னொன்று சொன்னாள். "திரும்பி வார பைசாவுல மைனிக்க பேருக்கும் சின்னதா ஒண்ணு போடணும், கேட்டியளா. அவியளுக்க சொந்த அக்கவுண்டுக்கு வரணும். நம்ம கையால குடுத்தா வாங்கமாட்டாவ." நான் உடனே சரி என்றேன். எங்கள் மாதத் தொகை அதனால் இன்னும் கொஞ்சம் குறையும். குறையட்டும்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் நாகர்கோவில் போகிறேன். சரசுவும் கூட வருகிறாள். பணம் திரும்பி வந்து புதிதாக எழுதி முடிகிறவரை செக் புத்தகமும் ஏடிஎம் கார்டும் அவள் அரிசிப்பானைக்குள் இருக்கும் என்று உத்தரவு. எனக்கு அது பிடித்திருக்கிறது.

இனி உங்களிடம் ஒரு அனுமதி. அக்காவின் கணக்கில் முதல் மாதம் பணம் வரும்போது, இது யாருடைய பைசாவென்று கேட்பாள். அத்தான் உனக்கென்று என்னிடம் தந்து வைத்திருந்தது, நான்தான் இப்போது ஒழுங்கு பண்ணினேன் என்று சொல்லப் போகிறேன். மெதுவாகச் சொல்வேன், கண்டுபிடித்துவிடாமல். முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. என்னை விமானம் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனது நீங்கள்தானே? நான் சம்பாதித்த எதில் நீங்கள் இல்லை? உங்கள் கடைசிப் பெட்டியில் அக்காவுக்கு என்று ஒன்று அடியில் கிடந்தது என்று வைத்துக்கொள்வோம். ஆட்சேபணை இருந்தால் கனவில் வந்து திட்டுங்கள். வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வேன்.

உங்களுக்கு வாக்குத் தருகிறேன் அத்தான். விஷு அன்று அக்காவிடம் உண்டு என்று சொன்னேன், அதை மெய்யாக்கிவிட்டுத்தான் அவள் முகத்தில் முழிப்பேன். எனக்குப் பிறகு வரும் விஷுக்களிலும் சரசு கையில் அவளுடைய பைசா இருக்கும். வருகிற விஷுவுக்கு அக்கா எங்கேயும் ஓடிவர வேண்டாம். விடிந்ததும் நாங்கள் இரணியலில் உங்கள் வீட்டுக்குப் போவோம். உங்கள் பேரப்பிள்ளைகள் அவள் முன்னால் வரிசையாக நிற்கும்போது, கடைசி ஆளாக நானும் நின்று கையை விரிப்பேன்.

உங்கள் மேல்கட்டில்காரன்,
அக்காவின் ஒரே தம்பி,
உங்கள் மச்சினன்