இது நம்ம கடிகாரம் இல்லை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஈரேழு உலகங்களிலும் ஒப்பாரில்லாத உன் தாய்மாமன், இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுதுவது. நீ நலமாக இருப்பாய். இங்கே நலத்தைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

போன மாதம் பழுது பார்த்து வந்த கூடத்துச் சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, "இது நம்ம கடிகாரம் இல்ல, யாரோ மாத்திட்டாங்க" என்று உன் அம்மா ஓயாமல் சொல்கிறாள். ஆளை மறந்தவள் சாமானையும் மறந்துவிட்டாள் என்றார் டாக்டர். நீயும் முதியோர் இல்லத்துக்குச் சொல்லிவிட்டாய். திங்கட்கிழமை வண்டி வருகிறதாம். உன் தாத்தா வாங்கிய அசல் கடிகாரம்தான் என்று காட்டி அவளை அமைதிப்படுத்தலாமே என்று, பழங்கடிகாரம் பார்க்கும் ஒருவரை வரவழைத்தேன்.

மனுஷர் தட்டிப் பார்த்தார், மோந்து பார்த்தார். நக்கிப் பார்க்காததுதான் பாக்கி. தேக்குப் பெட்டி அசல். முகப்பு அசல், ஏழாம் எண்ணருகே உள்ள கீறல் உட்பட. பிறகு இயந்திரத்தைக் கழற்றிப் பின்பலகையில் டார்ச் அடித்தார். பழைய திருகாணித் துளைகள் சும்மா கிடந்தன. பக்கத்திலேயே புதிய துளைகள். "உள்ள இருக்கற மெஷின் இதோடது இல்ல சார். மணி அடிக்கிற சுருள்கம்பியும் வேற. சத்தமே மாறியிருக்குமே, கவனிக்கலையா?" என்றார். பழுது பார்த்தவன் குடலையே மாற்றியிருக்கிறான். பிரம்மாவுக்கே பாடம் எடுக்கும் எனக்குத் தெரியவில்லை. உன் அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது.

நேற்று என்னைப் பார்த்து, "இவன் என் தம்பி இல்ல" என்றாள். கடிகார விஷயத்தில் வென்றவள் ஆயிற்றே, பயத்தில் என்னையும் சோதித்துக்கொண்டேன். பல் மாற்றியது, முழங்கால் மாற்றியது, தலைக்குப் பூச்சு. பெட்டி மட்டுமே அசல். அவள் மேல் தப்பே இல்லை. அடுக்களைக்குள் போய் மறைந்து நின்று, சின்ன வயதில் கத்துவதுபோல, "அக்கா, பசிக்குது" என்றேன். கூடத்திலிருந்து உடனே வந்தது: "கையக் கழுவிட்டு உக்காருடா."

கழுவினேன். வெகுநேரம் கழுவினேன்.

போனில் உன் குரல் தகரமாகக் கேட்கிறது. யாரோ என்று வைத்துவிடுகிறாள். படம் அனுப்பாதே, அந்தத் தாடியை எனக்கே அடையாளம் தெரியவில்லை. வண்டி வருமுன் வா. முகத்தைக் காட்டாமல் வாசலில் நின்று ஒரே ஒரு தடவை அவளைக் கூப்பிடு. அதற்குப் பிறகும் அனுப்புவதானால், அவள் துணிப்பெட்டியை நானே தூக்கி வண்டியில் வைக்கிறேன்.

ஆயிரம் பிறை கண்டு வாழ்வாய். தொண்டை கட்டாமல் வந்து சேர்.

இப்படிக்கு,
குரல் மட்டும் மாறாத
உன் மாமன்